இருபத்திரண்டாம் தேதி வரைக்கும்

அக்டோபர் 27, ஞாயிறு

வீடுகளுக்குச் சுடுநீர் அனுப்பும் எங்கள் பம்ப் ஹவுஸில் பழைய டியூட்டி நோட்டு ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். வீட்டில் எழுத இடமில்லை. மேசை, நாற்காலி, ஜன்னல் விளிம்பு எல்லாம் லிஜுவானின் புத்தகங்கள்.

தாதோங்கில் குளிர் முந்திக்கொண்டது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சூடாகவில்லை என்று இன்று பதினொரு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஒன்பது வீட்டில் வால்வையே திறக்கவில்லை. திறந்துவிட்டுத் திட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதுநிலை நுழைவுத்தேர்வுக்கு இன்னும் ஐம்பத்தைந்து நாள். என் மனைவிக்கு இது மூன்றாவது முறை. இரண்டு முறையும் மருந்தியல் தாள் நன்றாகத்தான் எழுதினாள், ஆங்கிலம்தான் காலை வாரியது. போன வருடம் இரண்டு மதிப்பெண் குறைவு. ஜூலையில் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்ட்டர் வேலையை விட்டுவிட்டு, "இதுதான் கடைசி ஜென்ஹாய். இதுலயும் போச்சுன்னா இனிமே புத்தகத்தைத் தொட மாட்டேன்" என்றாள். முப்பத்து மூன்று வயதில் அப்படிச் சொன்னால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அட்டைகள். நான் அர்த்தத்தைப் படிப்பேன், அவள் ஆங்கிலச் சொல்லைச் சொல்லுவாள், நான் எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பேன். பள்ளியில் ஆங்கிலத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதப்போவதில்லை. இந்த நோட்டுக்கும் மானம் உண்டு.

அக்டோபர் 29, செவ்வாய்

இன்று ஒரு வாசிப்புப் பத்தி முழுவதையும் எனக்கு விளக்கினாள். இரண்டு வருடம் அவள் செய்தது என்னவென்றால், பத்தியைப் படிக்காமல் முதலில் கேள்வியைப் படிப்பது, கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடுவது, அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கும் விடையைக் குறிப்பது. பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். இப்போது முழுதாகப் படிக்கிறாள்.

"தப்பான விடைகள்லயே மோசமானது எது தெரியுமா? பத்தியில இல்லாதது. பார்த்தா உண்மை மாதிரியே இருக்கும். நமக்கும் அது சரின்னுதான் தோணும். ஆனா எழுதினவன் அதைச் சொல்லியிருக்கவே மாட்டான்."

"அப்போ நான் சொல்றதெல்லாம் எந்த வகை?"

"நீயா? நீ ஒரே விடை போட்ட கேள்வி. உன்கிட்ட யோசிக்க என்ன இருக்கு?"

ஏழு வருடக் கல்யாணத்தில் கிடைத்த பாராட்டு இது. சரி, வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 1, வெள்ளி

மச்சான் லிஃபெங் வேலை நேரத்தில் கூப்பிட்டான். அத்தைக்கு, லிஜுவானின் அம்மாவுக்கு, ஒரு மாதமாக வயிற்று வலியாம். ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். "அக்காகிட்ட சொல்லாதீங்க. நீங்க மட்டும் வாங்க" என்றான்.

நவம்பர் 2, சனி

போய் வந்தேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கணையம். பரவிவிட்டது.

டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி உள்ளே போனால் அத்தை எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வருடம் வினிகர் காய்ச்சும் காடி ஆலையில் ஆட்களை மேய்த்தவர். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுவார்.

"எவ்வளவு நாளாம்?"

லிஃபெங் மாமாவைப் பார்த்தான். மாமா ஜன்னலைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், வசந்த விழா வரைக்கும் என்று. எங்கள் புத்தாண்டான வசந்த விழா இந்த முறை ஜனவரி கடைசியில் வருகிறது.

"பரீட்சை என்னைக்கு முடியுது?"

"டிசம்பர் இருபத்திரண்டு."

"அப்போ நேரம் இருக்கு. இருபத்திரண்டாம் தேதி வரைக்கும் லிஜுவானுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. அவ போன வருஷம் ரெண்டு மார்க்குல தோத்துட்டு வந்து என் மடியில படுத்து அழுதா. இந்த வருஷம் என்னாலயே தோக்கணுமா? இருபத்திமூணாம் தேதி கூட்டிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

நான் தயங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொய் சொல்லத் தெரியாதவன்னுதான் உனக்கு எம் பொண்ணைக் குடுத்தேன். இப்போ கத்துக்கோ."

வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வீட்டில் நடக்கும் கெட்ட செய்தியைச் சொல்ல மாட்டார்கள். என் அண்ணன் கல்லூரி நுழைவுத்தேர்வு எழுதியபோது தாத்தா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதை அவனுக்குச் சொல்லவில்லை. அவன் பிறகு தெரிந்துகொண்டு சிரித்தான். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் இடுப்பு வேறு, இது வேறு இல்லையா?

நவம்பர் 3, ஞாயிறு

லிஜுவானின் போனை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். அவளே கேட்டுக்கொண்டது. சாவி என்னிடம். ஞாயிறு மட்டும் அம்மாவிடம் பேசப் பத்து நிமிடம். வீடியோ கிடையாது, முகத்தைப் பார்த்தால் ஊருக்குப் போகத் தோன்றும் என்பாள்.

இன்று பேசினார்கள். அத்தை சளி என்று சொல்லி இருமிக் காட்டினார். நடிப்பில் என்னைவிடப் பத்து மடங்கு. லிஜுவான் போனைத் திருப்பித் தந்துவிட்டு, "அம்மா ஏன் இன்னைக்கு என்னைத் திட்டவே இல்ல?" என்று கேட்டாள்.

"சளி. திட்டத் தெம்பு வேண்டாமா?"

முதல் பொய். சுலபமாகத்தான் வந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

அட்டைகள். இருநூறில் பதினாறு தவறு. நல்ல நாள். எனக்குத்தான் அர்த்தங்களைப் படிக்க முடியவில்லை. "தாங்கிக்கொள்", "தள்ளிப்போடு", "மறைத்து வை", "வாரிசு". யார் இந்தச் சொற்களை எல்லாம் தேர்வு செய்கிறார்கள்?

நவம்பர் 17, ஞாயிறு

அத்தையின் குரல் போய்க்கொண்டிருக்கிறது. வலிக்கு ஊசி போட்டால் அரை நாள் தூக்கம். இன்று பேச்சு மூன்று நிமிடத்தோடு நின்றுவிட்டது.

நவம்பர் 20, புதன்

லிஃபெங் சொன்னான்: நேற்றுக் காலை அத்தைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்ததாம். முகம் கழுவிவிடச் சொல்லி, தலை வாரிக்கொண்டு, அவன் போனில் ஆறு ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசிப் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வொன்றும் அரை நிமிடம். வாரா வாரம் அவன் அதைத் தன் போனில் ஓடவிட்டு, அத்தை போனைப் பக்கத்தில் பிடித்து, குரல் பதிவாக அனுப்ப வேண்டும். ஐந்து போதுமே என்று இவன் சொன்னதற்கு, "கையில ஒண்ணு கூட இருக்கட்டும்" என்றாராம்.

சாகக் கிடக்கும்போதும் வேலையை முன்கூட்டி முடித்து வைக்கிற பெண்மணி. எனக்கு அழுகை வந்தது. பம்ப் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

நவம்பர் 24, ஞாயிறு

முதல் பதிவு போனது. "அங்க பனி விழுந்தா லைப்ரரி படிப்பறைக்கு நடந்து போகாதே, பஸ்ல போ. என்னைக் கூப்பிடாதே, பேசப் பேச எனக்கு இருமல் வருது. நீ படி." லிஜுவான் இரண்டு முறை கேட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

நவம்பர் 30, சனி

கடைசி மூன்று வருடக் கேள்வித்தாள்களை அவள் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் பிரிப்பார்களாம். இன்று ஒன்றைப் பிரித்தாள். வாசிப்பில் இருபது கேள்விக்குப் பதினாறு சரி. அறைக்குள் குதித்தாள். கீழ்வீட்டுக் கிழவர் குழாயைத் தட்டினார்.

"அம்மாகிட்ட சொல்லணும். சாவியைக் குடு."

"நாளைக்கு ஞாயிறுதானே?"

"கல்நெஞ்சன்."

டிசம்பர் 7, சனி

காலை ஒன்பது மணிக்கு அத்தை போய்விட்டார்.

டாக்டர் சொன்னது வசந்த விழா. டாக்டர் சொன்னது வசந்த விழா. நாங்கள் எல்லோரும் அந்தக் கணக்கை நம்பித்தானே—

லிஜுவானிடம் வெளியூரில் பெரிய குழாய் வெடித்துவிட்டது, மூன்று நாள் ஆகும் என்று சொன்னேன். கம்பளிக் கையுறையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். தினைக் கஞ்சியை ஃபிளாஸ்கில் ஊற்றித் தந்தாள். டின் சாவியை அவளிடமே கொடுத்தேன், நாளை ஞாயிறு என்பதால்.

பஸ்ஸில் முடிவு செய்தேன்: போய் மாமாவிடம் பேசி, அவளை வரச் சொல்லிவிடுவது. பெற்ற தாயைக் கடைசியாகப் பார்க்க வேண்டாமா? போனதும் சொன்னேன். கூடத்தில் உறவுக்காரர்கள் பதினைந்து பேர். அத்தையின் அண்ணன் என்னைப் பார்த்துக் கை நீட்டினார்.

"அவ வந்து அழுதா செத்தவ எந்திரிச்சு வந்துடுவாளா? பரீட்சை போனா அது திரும்பி வருமா? பதினஞ்சு நாள்ல என்னய்யா ஆயிடும்? செத்தவ கடைசியா கேட்டது அது ஒண்ணுதான்."

லிஃபெங்கும் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கோம் அத்தான்" என்றான். மாமா ஊதுபத்தி கொளுத்தப் போய்விட்டார். நான் தலையாட்டினேன். யாரும் என் கழுத்தைப் பிடித்து ஆட்டவில்லை, நானேதான் ஆட்டினேன். இதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஞாயிறு என்பதால் பதிவு போயாக வேண்டும். கூடத்தில் சவப்பெட்டி. லிஃபெங்கும் நானும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு போனையும் எடுத்தோம். ஓடவிட்டதும் அத்தையின் குரல். "லிஜுவான், சாப்பிட்டியா?" என்று.

கதவு படாரென்று திறந்தது. மாமா. துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைத் துணி தலையிலிருந்து நழுவி விழுந்திருந்தது.

"யாரு? யாரு பேசினது?"

லிஃபெங் போனைக் காட்டினான். மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "நிறுத்துடா" என்றார். நிறுத்தினான். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை போடு" என்றார்.

அனுப்பி ஐந்து நிமிடத்தில் லிஜுவானின் பதில் வந்தது. அத்தை போனில், அந்த வீட்டுக்குள். "அம்மா! இன்னைக்கு உன் குரல் நல்லா இருக்கு. இருமல் போயிடுச்சா? வாசிப்புல பதினாறு வாங்கினேன்னு போன வாரம் சொன்னேனே அம்மா, கேட்டியா? பதினாறு!"

மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

டிசம்பர் 10, செவ்வாய்

அடக்கம் முடிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் தாயின் அடக்கத்துக்குக் கல்யாணமான மகள் பூ வேலை செய்து ஆவியில் வேகவைத்த பெரிய ரொட்டிகளைச் செய்து கொண்டுவந்து படைக்க வேண்டும். அவளுக்குப் பதிலாக நான் கடையில் வாங்கி வைத்தேன். ஒரு கிழவி பார்த்துவிட்டு, "பொண்ணு எங்க?" என்று கேட்டாள். பரீட்சை என்றேன். "அது சரி" என்று தலையை ஆட்டினாள். அந்தக் கிழவிக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வருமுன் பம்ப் ஹவுஸில் குளித்து உடை மாற்றினேன். ஊதுபத்தி வாசனை போகவில்லை. லிஜுவான், "குழாய் வெடிச்ச இடத்துல கோயிலா இருந்துச்சு?" என்றாள். தேள் கொட்டின திருடன் மாதிரி நின்றேன்.

"பக்கத்துல ஒரு சாவு வீடு."

"பாவம்" என்றாள். அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் 13, வெள்ளி

ஏழாம் நாள். மாமா தனியாக அத்தைக்குக் காகிதப் பணம் எரித்தாராம். இங்கே இரண்டாவது கேள்வித்தாள். பதினேழு சரி.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று அவள் முந்திக்கொண்டாள். போனை எடுத்ததும், "அம்மா, அப்பா முட்டி வலிக்கு மருந்து வாங்கிட்டாரா?" என்று பேசி அனுப்பினாள். லிஃபெங்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பதிவைப் போட்டான். "பரீட்சைக்கு ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கோ. கால் ஜில்லுன்னு இருந்தா மூளை ஓடாது."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. இன்னொரு முறை ஓடவிட்டாள்.

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையே."

நான் நூடுல்ஸில் காடி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். "உங்க அம்மா என்னைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்காங்க?" என்றேன்.

என்னைப் பார்த்தாள். ஒரு நொடி நான் பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அவள், "அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டுப் போனைப் பூட்டினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அத்தை, நீங்கள் சொன்னபடி கற்றுக்கொண்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

சொல்லிவிடலாமா? அடக்கமே முடிந்துவிட்டது, இப்போது சொல்லி யாருக்கு லாபம்? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. இது நியாயமா, பயமா, எனக்கே தெரியவில்லை. பயம்தான்.

டிசம்பர் 21, சனி

மத்தியானம் ஆங்கிலத் தாள். ஐந்து மணிக்கு வெளியே வந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"நாலு பத்தியும் புரிஞ்சுது ஜென்ஹாய். வார்த்தை தேடல. படிச்சேன். ஒரு பத்தி நகரத்துப் பறவைங்களைப் பத்தி. பரீட்சைங்கறதே மறந்துபோய் ரசிச்சுப் படிச்சேன்!"

இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருந்தாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று திட்டம். அவள் தேர்வுக்கூட வாசலிலேயே கை நீட்டினாள். "போன். முடிஞ்சுது. இனிமே டின்னும் கிடையாது, பூட்டும் கிடையாது. முதல்ல அம்மா முகத்தைப் பார்க்கணும்."

வீடியோ போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுற்றிலும் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் போனை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"அம்மா இல்ல லிஜுவான்."

"எங்க போயிருக்காங்க?"

அவள் என் முகத்தைப் படித்தாள். முழுதாகப் படித்தாள்.

"எப்போ?"

"ஏழாம் தேதி."

பிறகு மிக மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல, "இல்லையே. எட்டாம் தேதி எங்கிட்ட பேசினாங்களே. போன ஞாயித்துக்கிழமையும் பேசினாங்க. சாக்ஸ் போட்டுக்கச் சொன்னாங்க. இன்னைக்கும் பேசுவாங்க" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், அந்த வாசலிலேயே. அவள் அழவில்லை. கடைசி பஸ் போய்விட்டதால் ஒரு காரைப் பிடித்தோம். இரண்டு மணி நேரமும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ஊர் எல்லை வந்ததும்தான் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை எழுத முடியாது.

டிசம்பர் 27, வெள்ளி

மூன்றாம் ஏழு, அத்தை போய் இருபத்தோராம் நாள். மாவு பிசைந்து, பூ செய்து, அவளே ஆவி ரொட்டி வேகவைத்தாள். நான் கை கொடுக்கப் போனேன். "வேண்டாம்" என்றாள்.

ஜனவரி 11, சனி

ஊரிலேயே இருக்கிறாள். போய்ப் பார்த்தேன். இன்றுதான் பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"எல்லாரும் சேர்ந்து எனக்கு நல்லது பண்ணீங்க. அதனால யாரையும் திட்டக்கூட முடியல. அம்மா மறைச்சாங்க, சரி, அவங்க அம்மா. லிஃபெங் சின்னப் பையன். அம்மாவோட அண்ணன் பெரியவர். எல்லாரும் அவங்க பக்கம் இருந்தாங்க. என் பக்கம் ஒரு ஆள் இருந்திருக்கணும் இல்ல? அது நீதானே?"

அத்தை கேட்டுக்கொண்டார் என்றேன்.

"நான் உங்கிட்ட ஒரு தடவை நேரா கேட்டேன். இது பதில் இல்லையேன்னு. அப்போ நீ என்னைச் சிரிக்க வெச்ச."

பிப்ரவரி 24, திங்கள்

மதிப்பெண் வந்துவிட்டது. ஆங்கிலம் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. தேவையைவிட எவ்வளவோ மேலே. லிஃபெங் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 4, வெள்ளி

கல்லறை சுத்தம் செய்யும் நாள். நேர்முகத்தேர்விலும் தேறிவிட்டாள், செப்டம்பரில் படிக்கச் சியான் நகரத்துக்குப் போக வேண்டும். மதிப்பெண் தாளின் நகலைக் கல்லறையில் வைத்து எரித்தாள். "இந்தா, நீ கேட்டது" என்றாள். பின்னால் நின்ற என்னிடம் திரும்பி, "வீட்டுக்குப் போலாம்" என்றாள். மூன்றரை மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

ரயில் ஏற்றிவிட்டேன். பெட்டியை நான் தூக்க விட்டாள். போனதும் செய்தி அனுப்பினாள்.

நவம்பர் 12, புதன்

மாமா வீட்டு ரேடியேட்டரில் கசிவு. விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்தேன். மாமாவுக்கு முட்டி வலிதான், மற்றபடி நன்றாக இருக்கிறார். மத்தியானம் வகுப்பு முடிந்து லிஜுவான் வீடியோவில் கூப்பிட்டாள். இப்போதெல்லாம் புதன்கிழமை கூப்பிடுகிறாள், சிரிக்கிறாள், ஆங்கிலத்தில் ஏதோ ஆய்வுக் கட்டுரை படிக்கிறேன் என்கிறாள். என் சட்டையில் பட்டன் போனதைக்கூடக் கவனித்துத் திட்டினாள்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்."

அவள் காத்திருந்தாள். நான் போனை மாமாவிடம் கொடுத்தேன். முன்பு ஒவ்வொரு முறையும் அவள்தான் கேட்பாள்: "அப்பா, இன்னைக்கு என்ன தேதின்னு சொல்லுங்க." இப்போது கேட்கவே வேண்டியதில்லை. மாமா போனைக் கையில் வாங்கியதும், காலண்டரைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நவம்பர் பன்னிரண்டு, புதன்கிழமை. வெளிய பனி பெய்யுது" என்கிறார். அதற்குப் பிறகுதான் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.